ஸ்டெப்னி போன்காரர்

மணலூர்பேட்டையில் இவரைத் தெரியாத செல்போன் கடை கிடையாது. இவரால் லாபம் பார்த்த கடையும் கிடையாது. கையில் ஒரு போன் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். தேடுவது இரண்டாவது போனை, அதுவும் பழசாக, "ஒரு ஆத்திர அவசரத்துக்கு."

அவசரத்தில் இருக்கிற போன் கைவிட்டுவிடுமோ என்கிற பயம் முற்றியது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தை 5-ம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்துபோகிற தென்பெண்ணை, தன் பாட்டுக்குக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் மற்றவர்கள் பாய் தலையணையைக் காயவைத்தார்கள். இவர் பட்டன் போன் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

கடையில் விலை கேட்க மாட்டார். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, கண்ணாடி மேசையில் படுக்கவைத்து ஒரு சுண்டு சுண்டுவார். நல்ல பேட்டரி நகர்ந்து நிற்கும். ஊதியது பம்பரமாய்ச் சுற்றும். "பாத்தியா தம்பி, வயித்த. எட்டு மாசம் ஆகும்போல." பையன் வேறொன்றை எடுப்பான். சார்ஜ் பின் போடும் ஓட்டையில் ஊதுவார், டார்ச் அடிப்பார், ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி அது எழும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்பார். கடைசியில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அடித்து 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை வரவழைத்து, முன்னால் கேஒய்எம் சேர்த்து 14422-க்கு மெசேஜ் அனுப்புவார். அரசாங்கமே பதில் போடும்.

"எண்ணூறு ரூபா போனுக்கா இவ்ளோ பாக்கறீங்க?"

"திருட்டு மாலுன்னா ஸ்டேஷன்ல நீயா வந்து நிப்ப?"

நியாயம்தான். பதில் வரும்வரை கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் நியாயமில்லை.

அடுத்தது சிம். இருக்கிற போனில் எந்தக் கம்பெனியோ, அது கூடவே கூடாது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்து, நம்பரை மாற்றிக்கொள்ளத் தமிழ்நாடே அல்லாடியதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஜியோ சிம்முக்கு 4ஜி வேண்டும், பழைய 2ஜி பட்டன் போனில் அது வாயே திறக்காது என்று பக்கத்தில் நிற்பவருக்கும் பாடம் நடக்கும். முடிவு பிஎஸ்என்எல். டிராய் விதியும் மனப்பாடம்: 90 நாள் தொடாமல் விட்டாலும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நம்பருக்கு இன்னும் 30 நாள் ஆயுள் தருவார்கள். அந்த 20 ரூபாயை மட்டும் கோயில் பணம்போலத் தொடாமல் காப்பார். நம்பர் உயிரோடிருப்பது வேறு, பேசுவதற்கு வேலிடிட்டி போடுவது வேறு என்று பையன் சொன்னால், அந்தப் பக்கம் மட்டும் காது கேட்காது.

இத்தனை பொறுக்கி எடுத்த போன் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுக்கும், சுவிட்ச் ஆஃபில். சார்ஜ் வீணாகக் கூடாதாம். நம்பரை யாருக்கும் தர மாட்டார். தந்தால் சும்மா சும்மா கூப்பிடுவார்களாம். கரண்ட் நெடுநேரம் போனால் டவரின் பேட்டரியும்தான் தீரும், அப்போது இரண்டு போனும் ஒன்றுதான் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அப்ப எஃப்எம்மு கேக்கலாம்ல?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மழைக்குக் கரண்ட் போன ராத்திரி, பீரோவைத் திறந்தால் போன் இல்லை. வீடே தலைகீழ். மாட்டுக்கொட்டகையிலிருந்து டார்ச் வெளிச்சத்தோடு அவருடைய அம்மாவின் பேச்சுச் சத்தம் வந்தது. வேலிடிட்டியையும் அம்மாவே போட்டுவைத்திருக்கிறார்.

"ஏம்மா, அது ஆபத்துக்குன்னு வாங்குனது!"

"உங்க சின்னம்மாகிட்ட பேசி நாலு நாளாச்சுடா. நீ கொஞ்சம் கத்தாம இரு, அவ சொல்றது காதுல விழல."