மூக்கை நம்பி

சிங்கிள் மால்ட் விஸ்கி விஷயத்தில் எனக்கு இருந்த தன்னம்பிக்கைக்கு என் மூக்கு எந்த வகையிலும் பொறுப்பல்ல. எல்லாம் படித்து வந்தது. கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஸ்காட்லாந்தின் விஸ்கிப் பிரதேசங்களை உருப்போட்டேன். ஸ்பேசைடு என்றால் ஆப்பிள், தேன்; ஷெர்ரி பீப்பாயில் கிடந்ததென்றால் உலர்ந்த திராட்சை. லோலேண்டு என்றால் பச்சைப்புல் வாசம். கேம்பெல்டவுன் என்றால் உப்பும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும். ஐலா தீவு என்றால் புகை. ஹைலேண்டு பெரிய பிரதேசம், அதைப் பற்றி எதைச் சொன்னாலும் தப்பாகாது. இந்த ஐந்து பெயர்களுக்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவேன்.

நண்பர்கள் வீட்டில் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, “நிறத்தைப் பாருங்க, 18 வருஷத்துக்குக் குறையாது” என்பேன். நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அதே சட்டம் அனுமதிக்கிறது. அந்த வரியை மட்டும் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

தண்ணீர் சமாசாரம் இன்னும் மோசம். ஊரில் சோடாவும் ஐஸுமாகக் குடித்த பாவத்தைக் கழுவவோ என்னவோ, இங்கே ஒரு சொட்டுகூடக் கலப்பதில்லை என்று விரதம். அதிலும் தண்ணீர் சேர்த்து வலுவைக் குறைக்காமல், பீப்பாயிலிருந்து அப்படியே புட்டியில் அடைத்த 60 சதவீதச் சரக்கைத்தான் தேடி வாங்குவேன். கண்ணில் நீர் வர, இருமலை அடக்கிக்கொண்டு, “ஆகா” என்பேன். ஒருநாள் பப்பில் பக்கத்து ஸ்டூலில் இருந்த கிழவர், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், சின்ன ஜாடியிலிருந்து தாராளமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டார். ருசி போய்விடாதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். விஸ்கியில் தண்ணீர் சேர்த்தால் என்ன ஆகிறது என்பதை ஸ்வீடனில் இருவர் கணினியில் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். புகை வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று குவையகால். சாராயச் சத்து 59 சதவீதத்தைத் தாண்டினால் அது திரவத்துக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்த்து இளக்கினால் மேற்பரப்புக்கு ஏறி வருகிறது. காசு கொடுத்து வாங்கிய வாசனையை மூக்குக்கு எட்டவிடாமல் நான் இத்தனை காலம் வீரமாக விழுங்கியிருக்கிறேன்.

இவ்வளவு ஞானத்தோடு ஐலாவுக்குப் புறப்பட்டேன். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். குடிக்கமாட்டாள், கார் ஓட்டவும் மாட்டாள். ஆகவே ஓட்டுநர் நான். ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹாலின் வரம்பை 2014-இல் 80 மில்லிகிராமிலிருந்து 50-க்குக் குறைத்துவிட்டார்கள். கனவு கண்ட தீவில், வடிசாலை வடிசாலையாக ஏறி இறங்கி, கோப்பையை முகர்ந்து கீழே வைத்தேன். இப்படிப்பட்ட அப்பாவிகளுக்காகவே, வீட்டுக்குப் போய்க் குடிக்கச் சின்னஞ்சிறு புட்டியில் ஊற்றித் தரும் வழக்கம் அங்கே இருக்கிறது. வழியில் கேம்பெல்டவுனில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு துணிப்பை நிறையப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. படகுத்துறையில் பிடித்த மழை அவ்வளவையும் நீல மையாக்கிப் பையில் இறக்கிவிட்டது.

“பேர் எதுக்கு? மூக்கு இருக்கே” என்றேன்.

“அப்ப சொல்லுங்க, பாக்கலாம்” என்றாள்.

முதல் புட்டியைத் திறந்ததும், நான் குனிவதற்குள், எதிரில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைப் பொத்தினாள். “என்னங்க இது, ஃபினாயில் போட்டு வார்டு கழுவின மாதிரி!” ஐலாவின் லஃப்ராய்க். சரியாகத்தான் சொன்னாள். ஈரமான மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்த அடியில் பீட்டை எரிக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் பாசியும் செடியும் மட்கி இறுகிய மண்கட்டி அது. அந்தப் புகையிலிருந்து பார்லியில் ஏறிக்கொள்ளும் பீனால், கிரிசால் வகையறாக்கள் கிருமிநாசினிகளுக்கு நெருங்கிய பங்காளிகள். இதை அவளுக்கு விளக்கி, கண்டுபிடித்த பெருமையை என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது மெல்லிய இனிப்பு, கொட்டைப் பருப்பு மணம், புகையே இல்லை. “ஸ்பேசைடு. சந்தேகமே வேண்டாம்.” அந்தப் பயணத்தில் நாங்கள் ஸ்பேசைடு திசைக்கே போகவில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மூன்றாவதில் அடர்ந்த புகை. “இது ஐலாவின் லாகவூலின். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.”

அவள் புட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். அடியில் வெள்ளை ஸ்டிக்கர், அவள் கையெழுத்தில் எண், பெயர்ப்பட்டியல் போனில். சாம்பிள் புட்டியை லேபிள் இல்லாமல் விடுவது அவள் தொழிலில் மன்னிக்கமுடியாத குற்றம். என் ஸ்பேசைடு, ஐலாவின் வடகிழக்குக் கரையில் 1881-இல் தொடங்கிய பூனஹாவன்; அங்கே பெரும்பாலும் புகையில்லாத விஸ்கிதான் வடிக்கிறார்கள். என் லாகவூலின், கேம்பெல்டவுன் ஸ்பிரிங்பேங்க் வடிசாலையின் லாங்ரோ. அங்கே ஒரே கூரையின்கீழ் புகை தூக்கலான லாங்ரோ, அளவான ஸ்பிரிங்பேங்க், புகையே படாத ஹேசல்பர்ன் மூன்றும் வடிகின்றன. என் வரைபடத்தில் அந்த ஊருக்கு ஒரே குணம்தான் எழுதியிருந்தது.

எந்தத் தீவு என்பதைவிட, சூளையில் என்ன எரித்தார்கள், வாலை எந்த வடிவம், எந்தப் பீப்பாயில் எத்தனை வருஷம் என்பவைதான் ருசியைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. மரமும் நிலக்கரியும் அரிதான ஐலாவில் பீட்டை எரித்தார்கள். ரயில் நிலக்கரியைக் கொண்டுவந்து இறக்கிய ஸ்பேசைடில் புகை குறைந்தது. ஹைலேண்டு, லோலேண்டு என்ற பிரிவே 1784-இல் நாடாளுமன்றம் வரி வசூலுக்காகப் போட்ட கோடு. செட்டிநாடு என்று பலகை மாட்டிய ஹோட்டலில் உண்மையில் என்ன வரும் என்று தெரிந்தவன் நான். ஐலா என்ற பலகையை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் பிரதேசம் பற்றி வாயே திறப்பதில்லை. கோப்பையை மெல்லச் சுழற்றி, சற்று யோசித்து, “எந்தப் பீப்பாய்?” என்று கேட்கிறேன். ஆழமான ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு சுவைக்கூட்டத்தில் நடத்துநர் பெண்மணி புன்னகையோடு, “நீங்களே சொல்லுங்களேன்” என்று திருப்பிவிட்டார். ஷெர்ரியா, போர்பனா? முகர்ந்தேன், குடித்தேன், தண்ணீரும் விட்டுப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் என் வாயைப் பார்த்தது.

“ஓக்” என்றேன்.

ஸ்காட்ச்சை வேறு மரத்தில் ஊறப்போடச் சட்டத்தில் இடமில்லை.