இலவசப் படத்தின் செலவு

அமெரிக்காவில் நடிகர்களின் கையெழுத்துச் சந்தை என்றே ஒன்று நடக்கிறது. நட்சத்திரம் மேசை போட்டு உட்காருவார். கையெழுத்துக்கு ஒரு விலை, சேர்ந்து நின்று படமெடுக்கத் தனி விலை. நம் ரசிகர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். தலைவரைக் காசு கொடுத்தா பார்ப்பது?

பூந்தமல்லிக்காரருக்கு அந்த அவசியமே இல்லை. பக்கத்தில் செம்பரம்பாக்கம், அங்கே ஈ.வி.பி. பிலிம் சிட்டி, அதற்குள் பிக் பாஸ் வீடு. பெங்களூர் நெடுஞ்சாலையில் கறுப்புக் கண்ணாடிக் கார் ஒன்று போனால் போதும், உள்ளே யார் என்று டீக்கடையில் நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். நாலு பேரும் கண்ணால் பார்த்தவர்கள்.

நேரில்தான் வேண்டுமென்றால் 2017 மாதிரி ஒரு வருடம் வாய்க்கவேண்டும். கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரஜினி மாவட்டவாரியாக ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டார். கடைசி நாளான டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருகிறேன் என்ற அறிவிப்பும் இலவச இணைப்பாகக் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து இணைப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். படத்தை யாரும் கேட்கவில்லை.

வேன் வாடகை, புதுச் சட்டை, கண்ணாடிச் சட்டம், தெருமுனை ஃபிளெக்ஸ், பிரியாணி என்று கணக்குப் போட்டால், அமெரிக்காக்காரன் கொஞ்சம் மலிவாகவே கொடுக்கிறான்.