இறங்கலும் இறங்கல் நிமித்தமும்

சென்னைக்குப் பிழைக்கப் போன திருச்சிக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, ரயில் எந்த இடத்தைத் தொட்டதும் எழுந்து நின்று சீட்டுக்கு அடியிலிருந்து பையை இழுக்கிறார் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். அற்பமான கேள்வி என்பாரும் உளர். அவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர் கூற்றை ஈண்டு கொள்ளற்க.

எழும்பூரிலிருந்து திருச்சி ஜங்ஷன் சுமார் 335 கிலோமீட்டர். வண்டி ஜங்ஷனில் நிற்கும், நின்றபின் இறங்கலாம். ஐந்து நிமிடம் முன்னால் எழுந்தால் தாராளம். அறிவு சொல்வது இவ்வளவுதான். ஆனால் அந்த அறிவின்படி நடந்துகொண்ட திருச்சிக்காரரை எந்தப் பெட்டியிலும் காண முடிவதில்லை. காரணம் என்ன என்பதே ஆராய்ச்சி.

தொல்காப்பியர் காட்டிய வழியில் முதல், கரு, உரி என்று வகுத்துக்கொள்வோம். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், விருத்தாசலம் கார்டு லைனில் அரியலூர் தொடங்கி ஜங்ஷன் ஈறாக உள்ள பகுதி. பொழுது, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஆயின் வைகறை. பல்லவன் ஆயின் முன்னிரவு. கருப்பொருளாவன: காலி வாட்டர் பாட்டில், புளியோதரை வாசம் போகாத டப்பா, யாருடையது என்று தெரியாத சார்ஜர், ஒரு சக்கரம் திரும்ப மறுக்கும் டிராலிப் பெட்டி. உரிப்பொருள் எழுந்து நிற்றல். எழுந்தபின் நிற்க இடமின்றி மறுபடி உட்கார்தலும் இதன்பாற்படும்.

முதலில் அரியலூர்க் கொள்கையினர். இவர்கள் ஊரை நினைத்து எழுவதில்லை, பயத்தில் எழுகிறார்கள். என் பெரியப்பா இவ்வகை. அரியலூரில் கண் விழித்து, டால்மியாபுரம் சிமெண்ட் ஆலையின் விளக்குகளைப் பார்த்ததும் “வந்தாச்சு” என்று பெட்டி முழுவதற்கும் அறிவித்து, பெரியம்மாவை எழுப்பி, இருவருமாகக் கக்கூஸ் வாசலில் போய் நின்றுகொள்வார்கள். கதவருகே நிற்பவருக்குத்தான் ஊர் முதலில் வரும் என்பது அவர் சித்தாந்தம். மனநிலை சார்ந்த இவ்வகையை மருத்துவர்களுக்கு விட்டுவிட்டு மேலே செல்வோம்.

அடுத்தது லால்குடிக் கொள்கை. நடுநிலையாளர்கள், சம்பளக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் இதில் சேர்வர். வயலின் மேதை ஜெயராமன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் இது; வயலின் நினைவுக்கு வருகிறதோ இல்லையோ, செருப்பு நினைவுக்கு வந்துவிடும். ஒரு செருப்பு கையில் அகப்படும். மற்றது எதிர் பெர்த்தின் அடியில், ஒரு கன்னியாகுமரிக்காரரின் ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதை எடுக்கக் குனியும்போது வாளாடி போய்விடுகிறது, நிமிரும்போது பிச்சாண்டார்கோவில்.

இனிக் கொள்ளிடக் கொள்கை. இதுவே மூலக் கொள்கை. விரித்துச் சொல்ல வேண்டும்.

தரையில் ஓடும் ரயிலின் சத்தம் அடைத்தாற்போல இருக்கும். கொள்ளிடப் பாலத்தில் ஏறியதும் அடியில் ஒன்றுமில்லாத சத்தமாக மாறிவிடுகிறது. நல்ல தூக்கத்தில் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர் அலாரத்துக்கு எழமாட்டார், மனைவி உலுக்கினால் எழமாட்டார், இந்த மாற்றத்துக்கு எழுந்துவிடுவார். எழுந்தவுடன் போனை எடுக்கிறார். “கொள்ளிடம் தாண்டியாச்சு.” இந்த இரண்டு சொல்லுக்கு எதிர்முனையில் நடப்பதைப் பட்டியலிட்டால் ஒரு சிறு அரசாங்கமே இயங்குவது தெரியும். பால் அடுப்பில் ஏறுகிறது. டிகாக்‌ஷன் பில்டரின் தலையில் இரண்டு தட்டு விழுகிறது. மச்சினன் பைக் சாவியைத் தேடத் தொடங்குகிறான். பக்கத்து வீட்டு மாமி, கேட்காமலே, “வந்துட்டானா?” என்கிறாள். செல்போன் இல்லாத காலத்தில் இதே அரசாங்கம் காதால் நடந்தது. விடியற்காலை நிசப்தத்தில் பாலத்து ஓசை வீதி வரை கேட்கும். பாட்டி அதைக் கேட்டுத்தான் பாலை ஏற்றுவாள். வண்டி லேட் என்றால் பாலும் லேட். வந்தது கூட்ஸ் வண்டியாக இருந்தால் அன்று காபி ஆறிப்போகும். ரயில்வேயின் அறிவிப்பு ஒலிபெருக்கியைவிடப் பாட்டியின் காது துல்லியமானது என்பதைத் தாத்தா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் அவளைத்தான் கேட்பார்.

கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடையில்தான் இத்துறையின் பெரிய சிக்கல் ஒன்று கிடக்கிறது. காசு போடுதல். முக்கொம்பில் ஒரே ஆறுதான் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. அப்படியிருக்கக் காசு முழுவதும் தென்கிளைக்கே விழுவது ஏன்? பெருவெள்ளத்தை எல்லாம் ஏற்றுக்கொள்வது கொள்ளிடம். 2018 ஆகஸ்டில் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியை அது அடித்துக்கொண்டே போனது. உழைப்பு அதற்கு, உண்டியல் இதற்கு. ஆய்வாளரின் விளக்கம் எளியது: கொள்ளிடம் என்று உணர்ந்து பர்ஸைத் திறப்பதற்குள் கொள்ளிடம் முடிந்துவிடுகிறது. எடுத்த காசைத் திரும்ப வைக்க மனம் வராமல், அடுத்த பாலத்தில் போட்டுவிடுகிறார்கள்.

காசின் வரலாறும் கவனிக்கத்தக்கது. முன்பு நெளிந்த அலுமினியம் ஐந்து பைசா போட்டார்கள். அது விழுவதைவிடப் பறப்பதே அதிகம். பிறகு 25 காசு வந்தது. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 காசு செல்லாது என்று அரசு அறிவித்தபின், வீட்டில் தேங்கிய அத்தனையையும் காவிரியில் கொண்டுவந்து தீர்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கடைக்காரன் வாங்காததைத் தாயார் வாங்கிக்கொள்வாள் என்ற நம்பிக்கை. ஏ.சி. பெட்டி வந்தபின் கண்ணாடி திறக்காது. பக்திமான்கள் கதவுக்கு ஓடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே பெரியப்பா நின்றுகொண்டிருப்பார்.

சென்னையிலிருந்து வரும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், மலைக்கோட்டை இரண்டும் வலப்பக்க ஜன்னலுக்கே கிடைக்கின்றன. இடப்பக்கம் திருவானைக்காவல் உண்டு, சர் சி.வி. ராமன் 1888-இல் பிறந்த ஊர் என்று சொல்லி இடப்பக்கத்தார் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். வலப்பக்கத்தில் ஒருவர் கோபுரத்தைப் பார்த்ததும் என்ன சொல்கிறார் என்பதை வைத்து அவர் ஊரை விட்டுப் போன ஆண்டைக் கணித்துவிட முடியும். கன்னத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால் 1987-க்குப் பின் போனவர். “எங்க காலத்துல இது மொட்டைக் கோபுரம்” என்றால் முன் போனவர். அச்சுதராயர் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோய், நானூறு ஆண்டு அப்படியே கிடந்து, அகோபில மடத்து 44-ஆம் ஜீயரின் முயற்சியால் 13 நிலை, 236 அடி என உயர்ந்து, 1987 மார்ச் 25-இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்த நானூறு ஆண்டும் தாமே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது போன்ற தொனியில்தான் முன்னவர்கள் பேசுவார்கள். கட்டி முடித்ததில் அவர்களுக்கு ஒரு சின்ன வருத்தம்கூட உண்டு.

இதன் தொடர்ச்சியாகவே இரு பாலங்களுக்கும் நடுவே ஒரு வாக்கியம் உதிர்கிறது: “அப்போ இங்கெல்லாம் ஒண்ணுமே கிடையாது.” பக்கத்தில் இருக்கும் பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் “சரிப்பா” என்கிறான். “வெறும் வாழைத் தோப்புடா.” “சரிப்பா.” “தண்ணி போவுதான்னு பாரு.” “இருட்டா இருக்குப்பா.” ஊர் திரும்பிய எல்லாரும் சொன்ன ‘ஒண்ணுமே கிடையாது’களைக் கூட்டிப் பார்த்தால், பழைய திருச்சி என்பது ஒரு மலை, ஒரு கோயில், நடுவில் எல்லையற்ற வாழைத் தோப்பு என்று ஆகிறது. இவ்வளவு காலி இடத்தில் எப்படி அத்தனை சினிமாத் தியேட்டர் இருந்தன, அத்தனையிலும் இவர்களுக்கு எப்படி டிக்கெட் கிடைக்காமல் போயிற்று என்பதை அவர்கள் விளக்குவதில்லை. இன்னொரு தடையும் உண்டு. சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்’ வந்தபின், சித்திரை வீதிப் பக்கம் எட்டிப்பார்க்காத உறையூர்க்காரர்கள்கூட அங்கே கிரிக்கெட் ஆடியதாக நினைவுகூரத் தொடங்கிவிட்டார்கள். அதனால் சாட்சிகளை வடிகட்ட வேண்டியிருக்கிறது.

காவிரி தாண்டி டவுன் ஸ்டேஷனில் எழுபவர்கள் தெப்பக்குளம், சிங்காரத்தோப்பு, சின்னக்கடைவீதிப் பிள்ளைகள். பொன்மலையில் எழுபவர்கள் ரயில்வே காலனிப் பிள்ளைகள். நாகப்பட்டினத்திலிருந்து வந்து 1928 முதல் இங்கே இயங்கும் ஒர்க்‌ஷாப்பின் சங்குக்குச் சோறு தின்று வளர்ந்தவர்கள், நேரத்தில் கறார். சிக்னலுக்காக வண்டி பொன்மலையில் காத்திருக்கும் நாட்களில் எல்லாக் கொள்கையினரும் தோளில் பையோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சமயப் பொறைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

மதுரை மார்க்கத்தில் மணப்பாறை முறுக்கும், தஞ்சை மார்க்கத்தில் திருவெறும்பூரும் இவ்வேலையைச் செய்கின்றன. கரூர் மார்க்கத்தார் காவிரியோடே வருவதால் எங்கே எழுவது என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

இனி முடிபு. எழும் இடத்தைத் தீர்மானிப்பது தூரமா? அன்று, அரியலூர் அதைப் பொய்யாக்கும். பழக்கமா? அன்று, மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்து, வண்டியின் வேகம் மாறியும் எழும் இடம் மாறவில்லை. என் கருதுகோள் இது: சின்ன வயதில் தனியாகச் சைக்கிளில் எதுவரை போக வீட்டில் விட்டார்களோ, அதுவரைதான் ஒருவருக்கு ஊர். அந்த எல்லையை வண்டி தொட்டதும் கை தானாகப் பைக்குப் போகிறது. கொள்ளிடக் கரைக்கு அப்பால் போனால் காலை ஒடிப்பேன் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பையன், ஐம்பது வயதிலும் கொள்ளிடத்தில்தான் எழுகிறான். 1994-இல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் திருச்சியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். வார்டுகள் சேர்ந்தன, சைக்கிள் எல்லைகள் சேரவில்லை. ஸ்ரீரங்கத்து வீடுகளில் இன்றும் “திருச்சிக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லித்தான் மெயின்கார்டு கேட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

கருதுகோளுக்கு வலுவான சான்று என் அத்தை. லால்குடியில் எல்லாரும் எழுந்தாயிற்று, கொள்ளிடத்தில் காது அடைத்தாயிற்று, அவள் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். “ஸ்டேஷன் வரட்டும்டா, எங்க ஓடிடப் போறது?” வண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றபிறகுதான் புடவையை உதறிக்கொண்டு எழுவாள். நிற்பதே ஓரிரு நிமிடம், நாங்கள் பதறுவோம். வெகுகாலம் இதை நிதானம் என்றே குறித்து வைத்திருந்தார்கள். விசாரித்ததில், உத்தர வீதிக்கு வெளியே தனியாகப் போக அத்தைக்குக் கல்யாணம் வரை அனுமதி இருந்ததில்லை. சைக்கிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலமும் ஆறும் வாழைத் தோப்பும் அவள் அண்ணன்மார்களின் ஊர். அவளுடைய ஊர் ரயிலில் இருந்து தெரியாது.

பஸ் மார்க்கமும் இதையே நிறுவுகிறது. சென்னை பஸ்ஸில் வருபவர் பைபாஸில் இரண்டு ஆற்றையும் தாண்டி, 2025-இல் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையத்தில் போய் நிற்கிறார். அவருடைய சைக்கிள் அந்தப் பக்கம் போனதே கிடையாது. ஆகவே அவர் எழுவதில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தட்டி, “சார், திருச்சிதான்” என்று இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. விமானத்தில் வருவோருக்குச் சக்கரம் தரையில் பட்டதுமே எழுவது எல்லா ஊருக்கும் பொது வழக்கம் என்பதால் அது ஆய்வுக்கு உதவாது.

எஞ்சி நிற்பது ஒரே ஒரு மறுப்பு: ஊரில் வீடே இல்லாதவர் எங்கே எழுவார்? பல்லவனில் எதிர் சீட்டில் வந்த ஒருவரிடம் இதைச் சோதித்தேன். சித்திரை வீதி வீட்டை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ரூம் போட்டிருந்தது ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில். கொள்ளிடத்தில் எழுந்தார். ஸ்ரீரங்கத்திலேயே இறங்கினார். ஜங்ஷன் வரை டிக்கெட் இருக்கிறதே என்றேன். “ஜங்ஷன்ல இறங்கினா ஆட்டோக்காரன் தீட்டிடுவான் சார்” என்றார். பிறகு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோவைப் பிடித்து, பேரம் பேசாமல் ஏறி, ஜங்ஷனுக்கு விடச் சொன்னார். “ராஜகோபுரம் வழியா போப்பா” என்றும் சேர்த்துக்கொண்டார். அது எதிர்த்திசை.