முக்கோணச் சீஸும் மாப்போர்வையும்: வினாயகபுரத்தை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

மாவுக்குள் சீஸை வைத்துச் சுட்டுப் பரிமாறுவது பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் சீஸைப் பற்றியும் மாவைப் பற்றியும் எழுதினார்கள். விருந்தாளியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இத்துறையின் பெருங்குறை அதுவே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சீஸ் உருகுவது வேதியியல். உருகிய சீஸ் மறுபடி இறுகுவது சமூகவியல். ஆறு மணிக்கு அழைத்தால் எட்டு மணிக்கு வரும் சமூகத்தில் இரண்டாவது இயலுக்கே முதலிடம் தரவேண்டும்.

ஆய்வுக்களம் வினாயகபுரம், அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், திருக்கோவிலுக்கு அயலூர். இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனை இங்கிருந்து தெற்கே அதிக தூரமில்லை. எனவே நாட்டின் ஏனைய ஊர்ச் சீஸ்களைவிட நமது சீஸ் கொஞ்சம் முந்தியே வெயில் காண்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது அவர்கள் இங்கே வந்து ஒரு பட்டர்க் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசட்டும்.

ஆய்வுக்குத் தூண்டுதல், பிள்ளையின் பிறந்தநாளுக்கு லண்டனிலிருந்து வந்து நின்ற பெறாமகள். அங்கே பார்ட்டி என்றால் முழு வட்டப் பிறீ சீஸை மாப்போர்வையால் மூடிச் சுட்டு நடு மேசையில் வைப்பார்களாம். பிறீ சாமானியச் சீஸ் அல்ல. நெப்போலியனுக்குப் பிறகு ஐரோப்பாவைப் பங்கு பிரிக்க 1814 செப்டெம்பரில் கூடி 1815 ஜூன் வரை இழுத்த வியன்னா மாநாட்டில், பிரெஞ்சுத் தூதர் தலேரான் முன்வைத்த பிறீக்குச் சீஸ்களின் அரசன் என்று பட்டம் கிடைத்ததாக ஒரு கதை உண்டு. ஒன்பது மாதம் நீடித்த பார்ட்டியில் அது ஆறிப்போகாமல் எப்படி இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறீயின் வெளியே வெண்பூஞ்சணத் தோல். உள்ளே இளகிய சதை. சூட்டில் சதை குழம்பாகும், தோல் அதைப் பை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கத்தி பட்டதும் வழிந்தோடும். அந்த ஓட்டத்துக்காகத்தான் சனம் மேசையைச் சுற்றி நிற்கிறது. ஆனால் ஆறிவிட்டால் ஓட்டம் நின்று சவ்வு மாதிரி ஆகிவிடும். பிரதம விருந்தினர் பொத்துவிலில் பஸ் ஏறிவிட்டார் என்ற செய்தியை மட்டும் நம்பிச் சுடக்கூடிய பண்டம் அல்ல அது. கல்முனைக் கடைகளில் அது கிடைக்காததும் ஒருவகையில் நல்லதற்கே.

இங்கே கிடைப்பது வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணச் சீஸ். ஒஸ்ரியாவிலிருந்து வரும் ஹப்பி கவ்வை அறியாத இலங்கைப் பிள்ளை குறைவு; காய்ச்சல் வந்து வாய் கசந்தால் பாணுக்குள் பூசிக் கொடுக்கும் மருந்துணவு அது. இந்தவகைப் பதப்படுத்திய சீஸை 1911இல் சுவிற்சர்லாந்தின் தூண் நகரில் வால்ட்டர் கெர்பரும் பிரிற்ஸ் ஸ்டெட்லரும் உருவாக்கினார்கள். சாதாரணச் சீஸைச் சூடாக்கினால் எண்ணெய் வேறு, சக்கை வேறாகப் பிரியும். சோடியம் சிற்றேற்றுச் சேர்த்தால் அது கல்சியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, விடுபட்ட புரதம் கொழுப்பையும் தண்ணீரையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். சூடேறினால் இளகும், ஆறினாலும் பிரியாது. சூடான நாடுகளுக்குக் கெடாமல் அனுப்பவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அந்நாடுகளில் வினாயகபுரமும் அடங்கும் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. அடங்காது என்றும் எழுதி வைக்கவில்லை.

இனி மா. அடுக்கு மாவை ஆதரிப்போர், பட்டரை நடுவில் வைத்து மும்மடிப்பாக ஆறு தடவை மடிக்கச் சொல்கிறார்கள். கணக்கில் 729 அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் பட்டர் கட்டியாக நின்றால்தான் மா பொருமும். பட்டரோ 32 பாகையளவிலேயே உருகிவிடுகிறது. கச்சான் நாளில் மத்தியானத்துக்கு முன்பே வெயில் அதைத் தாண்டிவிடும். எழுநூற்றுச் சொச்ச அடுக்கும் சமாதானமாகி ஓரடுக்காகும். மாஜரீன் சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. அதன் மெழுகு அண்ணத்தில் ஒட்டுவதும் உண்மை.

எதிரணியார் சமூசாக் கட்சி. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் பயிற்சி அது. நீட்டாக வெட்டிய மெல்லிய மாப்பட்டையைக் கொடி மடிப்பதுபோலக் கோணம் கோணமாக மடித்துப் போவார்கள். மாவுக்குள் பட்டர் இல்லை, ஆதலால் உருக எதுவுமில்லை. சுடுமுன் மேலே பூசினால் போதும். இவ்வாய்வாளர் இக்கட்சியில் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் வடிவகணிதம் குறுக்கே வந்தது. சீஸ் பெட்டி ஒரு வட்டம். அதில் எட்டுத் துண்டு. ஆகவே ஒவ்வொரு நுனியும் 45 பாகை. சமூசா மடிப்பின் முக்கிய மூலையோ 90. ஒன்றை மற்றதற்குள் வைத்தால் பக்கத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். சீஸில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அது ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். முதலில் அந்த வெற்றிடத்தில் குடியேறும், பிறகு தையலைப் பிரித்துக்கொண்டு வெளியேறும்.

தாளில் கோடு கீறித் தீர்வு தேடிக்கொண்டிருந்தபோது, மடிக்க வந்திருந்த அக்கரைப்பற்று ராத்தா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு துண்டச் சேர்த்து வைங்க தம்பி, மூல சரியா வரும். மறுகா என்னத்துக்குக் கோடு கீறிப் பாக்கீங்க?"

45ஐ இரண்டால் பெருக்க 90. கணிதத்தில் இதற்கு மேல் அழகான தீர்வு இல்லை; பொருளியலில் இதற்கு மேல் மோசமான தீர்வும் இல்லை. பெட்டிக்கு எட்டு என்று கணக்குப் போட்டுச் சாமான் வாங்கிய வீட்டுக்காரர் நாலு என்றதும் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். சீஸை வெங்காயம், பச்சைமிளகாயோடு பிசைந்து வைத்தால் கோணப் பிரச்சினையே இல்லை என்று வாதிட்ட பிசைவாதிகளுக்கு அந்த இடைவேளையில் ஆதரவு பெருகியது. ஆனால் வெங்காயத் தண்ணீரும் ஆவியாகும். பிசைந்தவற்றில் பெரும்பகுதி தட்டிலேயே வாய் பிளந்தது. இரட்டைத் துண்டுச் சமூசாக்கள், முதுகில் முள்ளுக்கரண்டியால் குத்திய துளை வழியாக ஒழுங்காக மூச்சு விட்டு, உருக்குலையாமல் வந்தன.

இடையில் சமயச் சிக்கல் ஒன்று. சீஸுக்குப் பாலை உறைய வைக்கும் ரெனெற் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. ராத்தா ஹலால் முத்திரை தேடினார். சித்திரவேலாயுத சுவாமி கோயில் உற்சவத்துக்கு மரக்கறி விரதம் பிடித்திருந்த மாமி, "இதுக்குள்ள மாட்டுக் குடல் ஒண்டும் இல்லியே?" என்று கேட்டு அதே பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினார். நுண்ணுயிரில் விளைவித்த ரெனெற்றுக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி கொடுத்த வரலாறு இருவருக்கும் விளக்கப்பட்டது. இருவரும் அதைக் கேட்கவில்லை. ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன நல்லிணக்கம் பற்றி ஆராய்வோர் இக்காட்சியைத் தனியாகக் கவனிக்கலாம். நமது துறை அதுவல்ல.

சுடும் கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மின்சார ஓவனை நம்பிய கோட்பாடு 2022 மார்ச் கடைசியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று வந்தபோதே ஆட்டம் கண்டது. பேக்கரிப் போறணைக்குத் தட்டை அனுப்பலாம். ஆனால் வழியிலேயே இரண்டொன்று குறையும். மண் பரப்பிய சட்டிக்குள் தட்டை வைத்து, மூடிக்கு மேலும் சட்டிக்குக் கீழும் சிரட்டைத் தணல் போடுவது பழைய முறை. பார்த்துக்கொள்ள ஒரு பெரியம்மா வேண்டும். கரண்ட் இருக்கும் நாளில் ஓவனை 200 பாகைக்கு வைத்தால் இருபது நிமிடம் பிடிக்கும்.

மிஞ்சுவது எப்போது வைப்பது என்ற கேள்வி. அழைப்பிதழில் உள்ள நேரம் இதற்கு உதவாது. முதல் விருந்தாளி வந்த நேரமும் உதவாது, அவர் கதிரை அடுக்க வந்தவர். மடித்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். கேக்கை மேசைக்குக் கொண்டுவந்ததும் கத்தியைக் காணோம் என்று ஒருவர் சொல்வார். கத்தி கிடைத்ததும் தீப்பெட்டி தேடுவார்கள். தீப்பெட்டி வந்ததும் பிள்ளை உடுப்பில் சோடா ஊற்றிக்கொண்டு அழும், சட்டை மாற்றவேண்டி வரும். பிறகு படம் எடுப்பவரின் போனில் இடம் இல்லை என்பது தெரியவரும். கத்தியைக் காணோம் என்ற முதல் குரலுக்குத் தட்டை உள்ளே தள்ளினால், கேக் வெட்டிக் கைதட்டி முடியும்போது சமூசா பொன்னிறமாக வெளியே வரும்.