சுடாத பீரங்கி

அமெரிக்கக் கணிதர் நார்பர்ட் வீனர் 14 வயதில் பட்டதாரி, 18 வயதில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். அப்பா லியோ அங்கேயே மொழிப் பேராசிரியர். பையன் ஜெயித்தால் அது தன் வளர்ப்பு என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார். சொதப்பினால் அது பையனின் சொந்தச் சொத்து.

இவ்வளவு படித்தவருக்கு உருப்படியாக ஒரு வேலை அமையவில்லை. கலைக்களஞ்சியத்துக்கு எழுதிப் போட்டார்; முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் அபர்தீன் தளத்தில் உட்கார்ந்து பீரங்கி அட்டவணைக்குக் கணக்குப் போட்டார்; கொஞ்ச நாள் பாஸ்டனில் நிருபர். 1919ல் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. எஞ்ஜினியர் ஆகப்போகிற பிள்ளைகளுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பறக்கிற விமானத்தைக் குறிபார்த்துச் சுட்டால், குண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் அது எங்கேயோ போயிருக்கும். போகப்போகிற இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். அந்த ஜோசியத்தை நான் பார்க்கிறேன் என்றார் வீனர். அரசாங்கம் பணம் கொடுத்தது. ஜூலியன் பிகலோ என்ற எஞ்ஜினியர் கூட்டுச் சேர்ந்தார்.

விமானத்துக்கு எங்கே போவது? ஓர் அறையில் ஓர் ஒளிப்புள்ளியை ஓடவிட்டார்கள். இன்னொரு புள்ளியால் அதைத் துரத்த ஓர் ஆள். அவர் கையில் கொடுத்த கருவி வேண்டுமென்றே மக்கர் பண்ணும்படி செய்யப்பட்டது. திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். குண்டுக்கு நடுவே வளைந்து நெளிகிற விமானியும் இப்படித்தான் தடுமாறுவானாம். தடுமாற்றத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு, முன்பு தடுமாறியதை வைத்து இனித் தடுமாறப்போவதைக் கணிக்கலாம் என்பது வீனரின் கட்சி. யோசித்தால் சரிதான்.

1942ல் இதன் கணிதம் மஞ்சள் அட்டை போட்ட ரகசிய அறிக்கையாக வந்தது. திறந்து பார்த்த எஞ்ஜினியர்கள் அதற்கு ‘மஞ்சள் அபாயம்’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் தப்பிப்பான். அங்கே வாங்கியவன் மாட்டிக்கொண்டான். இதில் கூத்து, இதே கணக்கின் பெரும்பகுதியைக் கொல்மகோரவ் என்ற ரஷ்யக் கணிதர் மாஸ்கோவில் 1941லேயே போட்டு அச்சிலும் ஏற்றியிருந்தார்.

அறிக்கை வந்த வருஷமே, பணம் கொடுத்த அரசாங்கத் தரப்பிலிருந்து வாரன் வீவர் முதலான மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். வீனரும் பிகலோவும் செய்த கணிப்பு எந்திரம், புள்ளி போகப்போகிற இடத்தை ஒரு விநாடி முன்கூட்டியே சரியாகச் சொன்னது. அசந்துபோனார்கள். குண்டு மேலே போக ஆகும் நேரமோ அதைப் போலப் பல மடங்கு. நிஜ விமானங்களின் தடத்தை வைத்துச் சோதித்தால், பெல் ஆய்வகத்தின் எளிய முறையும் ஏறக்குறைய இதே அளவு தேறியது. திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது.

வீனர் அந்தத் தடுமாற்றத்தை மட்டும் விடவில்லை. அதை மூளைக்கும் எந்திரத்துக்கும் பொதுவாக்கி, 1948ல் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். பல பக்கங்களில் சமன்பாடு, ஆனாலும் வாங்கித் தள்ளினார்கள்.

அதற்கு முன்பே, ஏவுகணை வேலையிலிருந்த ஒரு விமானக் கம்பெனிக்காரர் மஞ்சள் அறிக்கை ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தார். ஆட்களைக் கொல்வதற்கு இனி என் கணக்கைத் தரமாட்டேன் என்று வீனர் மறுத்தார். மறுத்த கடிதத்தை 1947 ஜனவரியில் ‘அட்லாண்டிக்’ இதழில் போட்டு ஊரறியச் செய்தார். 1949ல் அதே அறிக்கை புத்தகமாகக் கடைக்கு வந்தது. ஆசிரியர் நார்பர்ட் வீனர். ஏவுகணைக்காரர்களும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.