விசா முடிந்தவனின் விமானம்

கொரட்டூர் சென்ட்ரல் அவென்யூவில் காலை நடை போகும் பெரியவர்களின் குசல விசாரிப்பு மாறிவிட்டது. முன்பெல்லாம், "பையனுக்கு கிரீன் கார்டு வந்தாச்சா?" இப்போது, "சார், விசா முடிஞ்சுபோச்சு. டல்லாஸ்லேர்ந்து சிகாகோவுக்கு ஃப்ளைட்ல போகலாமா, கார்லயே போகச் சொல்லட்டுமா?" ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். சுதந்திர தேவி சிலை வைத்திருக்கும் நாட்டில், ஒழுங்காக வரி கட்டும் பையன் விடிய விடியக் காரோட்ட வேண்டுமாம்.

சட்டப்படி இந்தப் பயமே அநாவசியம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, அந்த நாட்டு வாசலில் போய் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எதுவரை இருக்கலாம் என்று சொல்வது ஐ-94 என்ற பதிவு. அது செல்லுபடியாகிறவரை, விசா காலாவதியானது குற்றமே இல்லை. உள்நாட்டு விமானம் ஏறும்போது, விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் டி.எஸ்.ஏ.வின் சோதனையில் கேட்பது அடையாள ஆவணம். அதற்கு இந்தியப் பாஸ்போர்ட் போதும்.

ஆனால் 2025-இன் அமெரிக்காவில், வாசலில் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டவனே, பாதிப் படத்தில் டார்ச் அடித்து "எங்கே டிக்கெட்?" என்கிறான். அந்த ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் குடியேற்றப் பதிவுகளை ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள். சிலர் செய்த மாபாதகம், போக்குவரத்து விதிமீறல். அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர் சங்கம் திரட்டிய 327 பேரின் விவரங்களில் பாதிப் பேர் இந்தியர். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபிறகு பதிவுகளைத் திரும்பக் கொடுத்தார்கள். மன்னிப்பு மட்டும் கொடுக்கவில்லை. அதே மாதம், 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் எந்நேரமும் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இன்னொன்றை வெளியிட்டது: உள்நாட்டு விமானப் பயணிகளின் பெயர்ப் பட்டியலை டி.எஸ்.ஏ., ஆட்களைப் பிடித்து நாடுகடத்தும் துறைக்கு வாரத்தில் பலமுறை கொடுக்கிறதாம். சென்ட்ரல் அவென்யூ அப்பாவின் பயம் அவ்வளவு முட்டாள்தனமானதல்ல.

சரி, ஊருக்கு வந்து விசாவைப் புதுப்பித்துக்கொண்டு போகலாமே? அங்கேதான் கண்ணியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலோருக்கு நேர்காணல் விலக்கு கிடையாது. நான்கு நாள் கழித்து, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். டிசம்பர் 15 முதல் எச்-1பி வேலை விசா ஆட்களின் சமூக வலைப்பக்கங்களையும் துருவுகிறோம் என்று சொல்லி, இந்தியாவில் கொடுத்திருந்த டிசம்பர் நேர்காணல்களை மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளினார்கள். தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் இங்கே மாட்டினான். அங்கே வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. வரப் பயந்தவன் அப்பாவின் காரியத்தைக்கூட வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறான். பழவந்தாங்கல் விசா கணபதிக்கே இந்த விதிகள் புரியுமா என்பது சந்தேகம்.

டெல்லி என்ன செய்தது? 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவத்தின் சி-17 விமானம், நாடுகடத்தப்பட்ட 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கையில் விலங்கு, காலில் சங்கிலி. நாடே பார்த்தது. மறுநாள் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், இது புதிதல்ல, 2012 முதல் உள்ள நடைமுறை என்று விளக்கினார். எவ்வளவு பொறுப்பான விளக்கம்! அடித்தவனுக்கு வக்காலத்து வாங்க நம் வீட்டிலேயே ஆள் இருந்தால் அவனுக்குத் தூதரகம் எதற்கு? 2019-இல் ஹூஸ்டனில் 'ஹவ்டி மோடி', 2020-இல் அகமதாபாத்தில் 'நமஸ்தே டிரம்ப்' என்று மைதானம் மைதானமாகக் கட்டித் தழுவிய நட்பு, ஒரு சங்கிலியைக் கழற்றச் சொல்லும் அளவுக்குக்கூட வளரவில்லை.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பையனின் காகிதத்துக்காகத் தூக்கம் கெடுகிற அதே பெரியவரிடம் கும்மிடிப்பூண்டி முகாமைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சட்டம்னு ஒண்ணு இருக்கு இல்லையா சார்?" 1983-க்குப் பிறகு படகேறி வந்த ஈழத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வரை தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்குத் தண்டனை மட்டும் கிடையாது என்று பெரிய மனது பண்ணினார்கள். அதே ஆண்டு மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றது. அதைக் கேட்டு நம் தெருவில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

ஐயா, பையனிடம் சொல்லுங்கள். விமானத்திலேயே போகட்டும். அசல் பாஸ்போர்ட், ஐ-94 நகல், விசா தகுதிக்கான ஐ-797 ஒப்புதல் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். மெக்சிகோ எல்லையோர விமான நிலையங்களில் எல்லைக் காவலர்களே நின்று கேட்பதுண்டு. அந்தப் பக்கம் வேண்டாம். வழக்கறிஞரின் எண் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். அடுத்த முறை எந்தத் தலைவருக்காவது கைதட்ட மைதானத்துக்குக் கூப்பிட்டால், போகவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.