பட்டுவேட்டித் தலைவருக்கு

வாரும் மருமகன், வாரும். ஓ, பிழை விட்டிட்டன், தலைவர் எண்டெல்லோ சொல்லவேணும். கடற்றொழிலாளர் சங்கத்துக்கு உம்மைத் தலைவராக்கின நாள் தொடக்கம் நெத்தியில சந்தனம் ஒரு விரல் அகலம் கூடிப்போச்சு. விடிய எழும்பிறீர், பட்டுவேட்டி கட்டிறீர், நிலாவெளியில இருந்து மோட்டச்சைக்கிளை உதைக்கிறீர். சாம்பல்தீவு, உப்புவெளி தாண்டித் திருமலைக் கோட்டை வாசலுக்குள்ளால ஏறி, அங்க நிக்கிற மானுக்கு வாழைப்பழம் நீட்டிப்போட்டு, கோணேசருக்கு முன்னால கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறீர். எனக்கு எப்பிடித் தெரியும் எண்டோ? பேத்தி போனில காட்டினவள். படம் நல்லா விழுந்திருக்கு. வெளிச்சம் முகத்தில படவேணும் எண்டு சாமிக்குக் கொஞ்சம் முதுகைக் காட்ட வேண்டி வந்திருக்கு. பரவாயில்லை, அவர் கோவிக்கமாட்டார். போத்துக்கீசனையே பாத்தவர்.

உம்மட மோட்டச்சைக்கிள் ஏறிப்போற கோட்டை எதால கட்டினது எண்டு தெரியும்தானே? 1622இல கொன்ஸ்தந்தீனு த சா எண்ட போத்துக்கீசத் தளபதி கோணேசர் கோயிலை இடிச்சான். இடிச்ச கல்லை வைச்சே கோட்டையைக் கட்டினாங்கள். பிறகு 1950இல பக்கத்தில ஒரு கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து சாமியள் வெளியில வந்தினம். 1963இல கும்பாபிசேகம். நடுவில முந்நூறு வருசத்துக்கு மேல அந்த மலையில பேர்சொல்ல ஒரு கோயில் இல்லை. கோபுரமில்லை, மேளமில்லை, கோட்டையோ வெள்ளைக்காரனிட்ட. எண்டாலும் பூசை அடியோட நிக்கேல்லை. பாறை விளிம்பில ஐயர் வந்து நிண்டு, நெருப்புக் காட்டி, காணிக்கையைக் கீழ கடலுக்குள்ள போட்டதை டெனன்ட் எண்ட பிரிட்டிஷ் அதிகாரி 1859இல வந்த தன்ர புத்தகத்தில எழுதி வைச்சிருக்கிறார். அந்த ஐயருக்குப் பொன்னாடை போர்க்க ஒருத்தரும் வரேல்லை. நேரத்துக்கு வந்தார், செய்தார், போனார். பிந்தின மழைக்கால வாடைக்காத்தில அந்த விளிம்பில நிண்டு பாரும், உம்மட பட்டுவேட்டி இடுப்பில நிக்காது.

குளக்கோட்டன் எண்ட ராசாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேணும். கோணேசர் கல்வெட்டு எண்ட நூலில கவிராச வரோதயர் பாடி வைச்ச கதை. கோயிலைத் திருத்தினான், வயலுக்குத் தண்ணி பாயக் கந்தளாயில குளம் கட்டினான். அதோட கைகட்டி நிண்டு கும்பிட்டானோ? இல்லை. தானத்தார், வரிப்பத்தார் எண்டு ஆக்களைக் கொண்டுவந்து இருத்தி, இன்னார் இன்ன வேலை எண்டு தொழும்பைப் பிரிச்சுக் குடுத்தான். அவையளுக்குள்ள சண்டை வந்தால் தீர்க்கிறதுக்கு மதுரையில இருந்து ஒரு தலைவனைக் கூப்பிட்டான். தனியுண்ணாப் பூபாலன் எண்டு பேர். போன மாசம் சங்கக் கட்டடத்துக் கதவைப் பூட்டிப்போட்டு நீங்கள் கொஞ்சப் பேர் புரியாணி திண்ட அண்டு, வாசம் வேலியால வரேக்க எனக்கு அந்த மனிசன்ர ஞாபகம் வந்தது.

நான் எத்தினை தலைவர்மாரைப் பாத்திட்டன் தெரியுமோ? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில கடலுக்குப் போகாதவனுக்கும் படகு கிடைச்சுது. படகுக்குப் பின்னால சங்கம், சங்கத்துக்குப் பின்னால தலைவர். ஆளுக்கொரு ரியூப்லைட் கோயிலுக்கு வாங்கிக் குடுத்தவை. லைட்டை மறைச்சுப் பேர் எழுதினதில வெளிச்சம் பாதிதான் வந்தது.

கும்பிடாதையும் எண்டு நான் சொல்லேல்லை. நாள் தவறாமக் கும்பிடும். ஆனா என்னத்தைக் கேக்கிறீர்? இறங்குதுறை வேணும், ஐஸ் தொழிற்சாலை வேணும், மற்றக் கோஷ்டிக்காரன்ர எஞ்சின் நடுக்கடலில நிக்கவேணும். கோணேசர் என்ன, கச்சேரிக் கிளாக்கரோ? கணக்கப்பிள்ளை முதலாளிக்குக் கொப்பியை விரிக்கிற மாதிரி நேத்தைய நாளை அவருக்கு முன்னால விரிச்சுக் காட்டும். எண்ணெய் மானியம் ஆருக்குப் போச்சு? கரைவலை இழுத்த கிழவனுக்குப் பங்கு சரியா விழுந்ததோ? புருசனைக் கடலில விட்டவள் குடுத்த விண்ணப்பம் உம்மட மேசை லாச்சிக்குள்ள எந்தக் கடுதாசிக்குக் கீழ கிடக்குது? இவ்வளவும் சொல்லி முடியிறதுக்குள்ள கற்பூரம் அணைஞ்சிடும், கேக்கிறதுக்கு நேரம் இராது. அதுதான் நல்லது.

காந்தியைப் பாரும். 1947 ஏப்ரல், டில்லியில துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. பின்னேரப் பிரார்த்தனையில குர்ஆனும் ஓதிறது வழக்கம். நாடு பத்தியெரியிற நேரம். ஒருத்தன் எழும்பி, ஓதக்கூடாது எண்டான். மற்றவை அவனைப் பிடிச்சு வெளியில தள்ளப் பாத்தினம். வேண்டாம் எண்டு சொல்லிக் கிழவர் பிரார்த்தனையையே நிப்பாட்டிப் போட்டார். குர்ஆனை விட்டிட்டு மிச்சத்தைப் படிப்பம் எண்டு சமாளிக்கேல்லை. அடுத்த நாளும் ஓதலாமோ எண்டு கேட்டார், மறுப்பு வந்தது, நிப்பாட்டினார். கடைசியில மறுத்தவை தாங்களாகவே விலகினாப் பிறகுதான் முழுப் பிரார்த்தனையும் நடந்தது. நீர் போன பொதுக்கூட்டத்தில என்ன செய்தீர்? ஒரு பெடியன் கணக்குக் கேட்டவுடன ஒலிவாங்கியை நிப்பாட்டினீர். காந்தியும் நிப்பாட்டினார், நீரும் நிப்பாட்டினீர். பேத்தியிட்டச் சொல்லி ரெண்டு படத்தையும் பக்கத்தில போட்டுவிடட்டோ?

தூரத்துக்குப் போவானேன். 1956 ஆகஸ்டில செல்வநாயகத்தார் திருமலையில மாநாடு வைக்கேக்கச் சனம் ஊரூராய் நடந்து வந்தது. மனிசன் கிறிஸ்தவர், மெல்லிசுக் குரல். 1952 தேர்தலில காங்கேசன்துறையில அவரைத் தோக்கடிச்சு, இராமநாதன்ர மருமகன் நடேசனை வெல்ல வைச்சது அந்தச் சைவச் சனம்தான். நாலு வருசத்தில அதே சனம் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வைச்சது. அந்த நாலு வருசத்தில அவர் திருநீறு பூசிக்கொண்டு நல்லூர் வீதியில உருண்டதா நான் கேள்விப்படேல்லை. தன்ர கோயிலுக்குத்தான் போனவர்.

என்ன, நெளியிறீர்? தேத்தண்ணி ஆறுது, குடியும். ஒரு அலுவல் கேக்க மறந்திட்டன். அடுத்த சங்கக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வைச்சிருக்கிறீராமே, ஆர் நேரம் பாத்துத் தந்தது, சாத்திரியாரோ? சங்கத்தில இருக்கிற முஸ்லிம் ஆக்கள் பள்ளியில நிப்பினமோ, உம்மட கூட்டத்தில நிப்பினமோ? ஞாயிறு காலமைக்கும் மாத்தாதையும், வேதக்காரர் பூசைக்குப் போவினம். செவ்வாய் பின்னேரமும் வேண்டாம். அண்டைக்கு உம்மட மாமிக்கு விரதம், அவ கோயிலால வந்து உலை வைக்கவே இருட்டிப்போகும். நீர் கூட்டத்தை இழுத்து, அவவும் வந்து குந்தினா எனக்குச் சோறு ஆர் போடுறது?